சூரியக் காற்றை நிறுக்கும் கிண்ணம்



மடுவத்தில் நிறுக்காமல் கொழுந்துக்குக் கணக்கு இல்லை. கூடையைப் பார்த்து ஒருவர் பத்துக் கிலோ என்பார், இன்னொருவர் பன்னிரண்டு என்பார். தராசில் போட்டால்தான் சண்டை தீரும். விஞ்ஞானிகளுக்குள்ளும் ஒரு காலத்தில் இப்படி ஒரு சண்டை வந்தது. சூரியனிலிருந்து காற்று அடிக்குதா, இல்லையா என்பதுதான் சண்டை.

1958ல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்த யூஜின் பார்க்கர் என்ற 31 வயது ஆராய்ச்சியாளர், சூரியன் தன்னைச் சுற்றியுள்ள வாயுவை எல்லாப் பக்கமும் ஓயாமல் ஊதித் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு எழுதினார். அந்தக் கட்டுரையைப் பரிசீலித்த இரண்டு பேரும் இதைப் போடவே கூடாது என்றார்கள். சஞ்சிகையின் ஆசிரியர் நம்ம தமிழர்தான், சென்னையில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கணக்கில் பிழை காட்ட யாராலும் முடியவில்லையே என்று போட்டுவிட்டார். பெரிய மனசுதான்!

இனி நிறுக்க வேண்டியதுதான் பாக்கி. பூமியில் இருந்துகொண்டு நிறுக்க முடியாது. பூமியின் காந்தப் புலம் அந்தக் காற்றை விலக்கிவிடும். 1959ல் சோவியத்தின் லூனா விண்கலங்கள் கருவியோடு போய் முதல் அடையாளத்தைக் கண்டன. 1962ல் வெள்ளிக் கிரகத்துக்குப் போன அமெரிக்காவின் மரினர் 2 மாதக் கணக்கில் அளந்துகொண்டே போனது. காற்று ஓயவே இல்லை. பார்க்கர் சொன்னது சரி.

காற்று என்றதும் நம்ம மலைக்காற்றை நினைக்க வேண்டாம். இது மின்னேற்றமுள்ள துணிக்கைகள். பூமிக்குப் பக்கத்தில், ஒரு சீனிக்கட்டி அளவு இடத்தில் ஐந்து, பத்துத் துணிக்கைதான் இருக்கும். வேகமோ செக்கனுக்கு சுமார் 400 கிலோமீற்றர்.

இதைப் பிடிக்கிற கருவிகளில் ஒன்று பரடே கிண்ணம். வாய் சூரியனைப் பார்த்திருக்கும். உள்ளே கம்பி வலை, அடியில் உலோகத் தட்டு. ஸ்டோரில் தேயிலைத் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஆனால் இங்கே சல்லடைக் கண்ணை மாற்றுவதில்லை, வலைக்குக் கொடுக்கிற மின்னழுத்தத்தை மாற்றுகிறார்கள். அழுத்தம் கூடினால் மெதுவான துணிக்கைகள் திரும்பிவிடும். வேகமானவை மட்டும் நுழைந்து தட்டில் மோதும். அப்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறித்தால், எந்த வேகத்தில் எத்தனை துணிக்கை வருகிறது என்று கணக்கு வந்துவிடும்.

2018 ஆகஸ்ட் 12ல் புறப்பட்ட ஒரு விண்கலத்துக்குப் பார்க்கரின் பெயரையே வைத்தார்கள். அதிலும் இப்படி ஒரு கிண்ணம் உண்டு. மற்றக் கருவிகளில் பெரும்பாலானவை வெப்பக் கவசத்தின் நிழலில் ஒதுங்கியிருக்க, இது வெளியே நின்று சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறது. சாதாரண உலோகம் என்றால் உருகிப்போகும். ஆகவே மொலிப்டினம் கலந்த உலோகத்தில் கிண்ணத்தையும், பழைய மின்குமிழ்களின் இழைக்குப் பாவித்த டங்ஸ்டனில் வலையையும் செய்தார்கள். மின்கம்பிகளை நீலக்கல் குழாய்க்குள் வைத்தார்கள். ஆமாம், நம்ம இரத்தினபுரியில் தோண்டுகிற அதே வகைக் கல்தான். ஆனால் இது ஆய்வுகூடத்தில் வளர்த்தது.

அந்தக் கலம் புறப்பட்டதை 91 வயதில் பார்க்கர் நேரில் பார்த்தார். 2022ல் காலமானார். 2024 டிசெம்பர் 24ல் அவர் பெயர் சுமந்த கலம், சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்குக் கிட்டப் போய்த் திரும்பியது.