புழக்கடை இருட்டு

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. புது வீட்டுப் புழக்கடைக்கு மின்மினி வர என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். செடி இருக்கட்டும். முதலில் கிணற்றடிக் கம்பத்தில் விடிய விடிய எரிகிற அந்த வெள்ளை எல்இடியை அணைத்துவிடு.

ஆண் பூச்சி பறந்தபடியே விட்டுவிட்டு மின்னும். பெண் புல்லிலோ புதரடியிலோ உட்கார்ந்து பதிலுக்கு மின்னும். பல இனங்கள் இப்படித்தான் இணை சேர்கின்றன. வெளிச்சம் கொட்டிக்கிடக்கும் இடத்தில் ஒன்றின் மினுக்கு மற்றதன் கண்ணில் படாது. இணை சேராமலே காலம் முடிந்துவிடும். 2022 ஏப்ரலில் நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்து உலாந்திச் சரகத்தில் கூட்டங்கூட்டமாக ஒரே சமயத்தில் மின்னியவற்றை ஆய்வு செய்தார்களே, அந்தக் காட்டில் ராத்திரி இன்னும் ராத்திரியாக இருக்கிறது.

கள்ளர் பயத்துக்கு விளக்கு வேண்டும் என்பார் மாப்பிள்ளை. நியாயம்தான். ஆள் நடமாடினால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு போடுங்கள். ஒளி தரையில் மட்டும் விழட்டும்.

செடிக்கு வருகிறேன். வளர்ந்த மின்மினிகளில் பல எதையும் தின்பதே இல்லை. பூ வைத்து அவற்றை அழைக்க முடியாது. பறக்கும் காலமும் சில வாரம்தான். அதற்கு முன் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, புழுவாக ஈரமண்ணிலும் சருகடியிலும் கிடந்து நத்தை, மண்புழுவைத் தின்று வளர்கின்றன. தோட்டத்தையே மொட்டையாக்கும் ஆப்பிரிக்க நத்தையைக்கூட வேட்டையாடும் பெரிய இனம் ஒன்று இலங்கையில் உண்டு. அதனால் நீ காப்பாற்ற வேண்டியது அந்தப் புழுவைத்தான். தென்னஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தாதே, மரத்தடியில் மூடாக்காகப் போடு. பாத்திரம் கழுவின தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் ஈரம் காயாது. நத்தை மருந்து, களைக்கொல்லி, கரையான் மருந்து எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

சருகில் பாம்பு தங்கும் என்று உன் மாமியார் பயப்படுவது சரி. குழந்தைகள் ஓடுகிற வீடு. வாசல்படியிலிருந்து கிணறு வரை சுத்தமாகக் கூட்டி வைத்துக்கொள். சருகெல்லாம் தள்ளி, வேலியோரத்து மூலையில் மட்டும். இருட்டினபின் டார்ச் இல்லாமல் யாரும் அங்கே போக வேண்டாம்.

காட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து விடுகிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். இடம் ஒத்துவராமல் செத்துப்போகும். உங்கள் வாய்க்கால் கரையில் கோடைமழைக்குப் பிறகு இன்னமும் சில மின்னுவதை நானே பார்த்தேன். அங்கிருந்து மெல்லப் பரவ வேண்டும். சில இனங்களில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. வருடங்கள் ஆகலாம், பொறுத்திரு.

அடுத்த வாரம் பேவர் பிளாக் போட ஆள் வருவதாகச் சொன்னாய். புழக்கடை முழுக்கப் போட்டுவிட்டால் புழுவுக்கு மண்ணே மிஞ்சாது. அவர்கள் வருமுன் வாய்க்கால் பக்கத்துப் பாதி நிலத்தைக் கயிறு கட்டித் தனியாகப் பிரித்துக் காட்டிவிடு. மேஸ்திரியிடம் நானும் போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா