கயிற்றை இழுக்கும் முன்



பழைய படகு மோட்டார் ஒன்று கிடைத்துவிட்டால் யாருக்கும் கை பரபரக்கும். ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்க்கத் தோன்றும். அதை மட்டும் செய்யாதே. வருடக்கணக்கில் மூலையில் கிடந்த மோட்டாரின் சிலிண்டர் உள்ளே காய்ந்து போயிருக்கும், துருவும் ஏறியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றலாம். வலப்புறமாக மட்டும்! மாற்றிச் சுற்றினால் அடியில் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் மடங்கிக் கெட்டுவிடும்.

எந்த மோட்டாரில் தொடங்குவது? நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூடு 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் விற்கத் தொடங்கிய மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைத்திறன்தான். எடை சுமார் 28 கிலோ. அதெல்லாம் இன்று காட்சிப்பொருள். தொழில் பழக ஏற்றது, ஜான்சன் கம்பெனி 1949 முதல் 1963 வரை விற்ற கியூடி வரிசை. 10 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். எலக்ட்ரானிக்ஸ் துளியும் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் எதையும் கழற்றி மாட்டலாம்.

அந்தக் காலத்து மோட்டார்களில் அடிக்கடி காலை வாருவது காயில். பிளைவீலுக்கு அடியில் இரண்டு இருக்கும். மேலுறை வெடித்து வெடித்துக் கோடு ஓடியிருந்தால் மின்சாரம் அங்கேயே கசிந்துவிடும். பிளக் வரை போகாது. இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். பிளைவீலை எடுக்கப் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கிறேன் என்று இறங்கி கிராங்க்‌ஷாஃப்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

காயிலுக்குப் பக்கத்திலேயே, மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட் இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் தாளை இரண்டு முனைகளுக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார். தாளில் கறுப்பாகக் கோடு விழும். தாள் வெள்ளையாகவே வெளியே வரும் வரை இழுக்க வேண்டும். அதன்பின் பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.5 மில்லிமீட்டர் வை. ஸ்பார்க் வராத பாதி மோட்டார்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். மிதவை தக்கையால் ஆனது. அதன்மேல் பூசிய அரக்கை எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் கரைத்துவிடும். நம்மூரில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்தே விற்கிறார்கள் என்பதால் மிதவையை மாற்றாமல் விடக் கூடாது. ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரைக் காலி செய்துவிடு. கியூடியின் முந்தைய மாடல்களில் டேங்க் வேறு காற்றழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும் வகை. மூடி கசிந்தால் ஆபத்து. பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று அதையே வைத்துக்கொள்வதைவிட ஒரு பெட்ரோல் பம்ப் பொருத்துவது மேல்.

ஆயில் கலப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 1964க்கு முந்தைய ஜான்சன், எவின்ரூடு மோட்டார்கள் பலவற்றுக்கு 24 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர். பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. இதற்கு டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு ஆயில்தான் வாங்க வேண்டும். கியர் பாக்ஸின் கீழ் ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, சீலை மாற்று. புது கியர் ஆயிலைக் கீழிருந்து மேலாக ஏற்று. மேல் துளையில் வழியும் வரை.

இம்பெல்லர் புதிதாகவே இருக்கட்டும். சோதனைக்குப் பெரிய டிரம்மில், பம்ப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, திறந்தவெளியில் ஓட்டு. தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் சில நொடிகளில் கருகத் தொடங்கும்.

ஜான்சன், எவின்ரூடு இரண்டையும் தயாரித்த ஓஎம்சி 2000 டிசம்பரில் திவாலானது. எவின்ரூடு பெயரில் வந்த மோட்டார்களும் 2020இல் நின்றுவிட்டன. இருந்தாலும் காயில், பாயிண்ட், இம்பெல்லர் எல்லாம் வேறு கம்பெனிகள் செய்து விற்கின்றன. எதை வாங்கவும் மாடல் எண் வேண்டும். படகில் மாட்டும் பிராக்கெட்டில் ஒரு சிறிய தகடு இருக்கும். பெயின்ட் அடிக்கும் அவசரத்தில் அதைச் சுரண்டிவிடாதே, தம்பி. எண்ணை இன்றைக்கே நோட்டில் எழுதி வை.