பட்டம் பெறப்போகும் பிள்ளையின் அறிமுக அட்டை



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து மண்டபத்தில் பிரசாதத் தட்டுடன் நின்றபோது, எமக்கு நன்கு தெரிந்த ஒரு அண்ணை தம் மகளுடன் வந்தார். மகள் ஒன்ராறியோப் பல்கலைக்கழகமொன்றில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறார். அடுத்த மாதம் வளாகத்தில் வேலைவாய்ப்புச் சந்தை. அங்கு கொடுப்பதற்கு ஓர் அறிமுக அட்டை, அதாவது நாம் பேச்சில் "பிஸ்னஸ் காட்" என்கிறோமே, அது அடிக்க வேண்டுமாம். அண்ணை ஒரு கடித உறையின் பின்புறத்தில் தாமே வரைந்து கொண்டு வந்திருந்தார். மேலே மகளின் பெயர். அதற்குக் கீழே, பெயரையும்விடப் பெரிய எழுத்தில், "பொறியியலாளர்".

"அப்பா, அப்பிடிப் போடேலாது" என்றார் பிள்ளை மெதுவாக.

"நாலு வருசம் படிச்சது பின்னை என்னத்துக்கு? தம்பி, நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோ" என்று அண்ணை எம்மிடம் திரும்பினார்.

அந்த அண்ணையை நாம் அறிவோம். ஊரில் உயர்தரத்தில் கணிதம் படித்து, பொறியியல் பீடத்துக்கு அனுமதி கிடைத்தும், போர் காரணமாகப் போகமுடியாமற் போனவர். இங்கு பல வருடங்களாக டாக்சி ஓட்டுகிறார். அவர் உறையில் எழுதிய அந்தச் சொல் மகளுக்காக மட்டும் எழுதியதல்ல. ஆகவே எடுத்த எடுப்பில் "கூடாது" என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து பேசினோம். பேசியவற்றை மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படுமென்று பாடமாக இங்கே தருகின்றோம்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்ராறியோவில் பொறியியல் தொழிலை ஒழுங்குபடுத்தும் சங்கம் 1922 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. பொறியியல் உரிமம் வழங்குவது அந்தச் சங்கமே; பல்கலைக்கழகம் அல்ல. பல்கலைக்கழகம் தருவது பட்டம். பட்டத்தின் பின் 48 மாத வேலை அனுபவம் பெற்று, தொழில் ஒழுக்கமும் சட்டமும் பற்றிய பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே உரிமம் கிடைக்கும். உரிமம் இல்லாத ஒருவர், தாம் உரிமம் பெற்றவர் என்று பிறர் நம்பும் வகையில் "பொறியியலாளர்" என்று தம்மை எழுதிக்கொள்வது மாகாணச் சட்டப்படி குற்றம். சிறு அட்டை என்றாலும் அதுவும் எழுத்துத்தான்.

எம்மவர் இங்கே குழம்புவதற்கு மொழியும் ஒரு காரணம். சில பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் பட்டத்தின் சுருக்கம் பி.எங். சங்கம் கொடுக்கும் உரிமத்தின் சுருக்கமும் பி.எங். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் முன்னதன் முதலெழுத்து அரிச்சுவடியில் 2 ஆவது, பின்னதன் முதலெழுத்து 16 ஆவது. அந்த ஓர் எழுத்துக்கு இடையில் குறைந்தது நாலு வருட உழைப்புக் கிடக்கிறது.

இன்னொரு குழப்பம் இரும்பு மோதிரம். கனடாவில் பொறியியல் முடிக்கும் மாணவர்கள் ஒரு சடங்கில் உறுதிமொழி எடுத்து, எழுதும் கையின் சின்னவிரலில் மோதிரம் அணிவார்கள். இது 1925 ஆம் ஆண்டு மொன்றியலில் தொடங்கிய வழக்கம். மிக நல்ல வழக்கம். ஆனால் அந்த மோதிரம் கடமையை நினைவூட்டுவது, உரிமம் அல்ல.

ஊரில் பேராதனையிலும் மொரட்டுவையிலும் பொறியியல் முடித்துவிட்டு இங்கு வேறு வேலை செய்யும் பெரியவர்கள் எம் ஆலயத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு செய்தி. உரிமத்துக்குக் கனேடிய அனுபவம் கட்டாயம் என்றிருந்த விதியை ஒன்ராறியோச் சங்கம் 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டது. முன்பு அந்த விதியால் நின்றுபோனவர்கள் மறுபடி விசாரித்துப் பார்க்கலாம்.

2. நாம் செய்த பிழை

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் எம் கதையையும் சொல்ல வேண்டும். நாம் வர்த்தகப் பட்டதாரியாக அகதி நிலையில் இங்கு வந்தபோது, முதல் வேலையாக அட்டை அடித்தோம். பெயருக்குப் பின் பட்டம், அதன்பின் அரைவாசி முடித்த கணக்கியல் பரீட்சையின் பெயர், அதன்பின் "இறுதிநிலை" என்ற சொல். ஊரில் அப்படிப் போடுவது வழக்கம். யாரும் குறை சொல்வதில்லை. இங்கே நேர்முகத்தில் ஒரு முதியவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதில் எது முடிந்தது, எது முடியவில்லை?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. ஆனால் நாம் பதில் சொல்லச் சொல்ல எம் முகம் சுருங்கியது. உண்மையாகவே முடித்திருந்த பட்டமும் அந்தச் சங்கடத்தில் மறைந்துபோனது. மிச்சமிருந்த அட்டைகளின் பின்புறத்தைப் பல மாதங்கள் கடைச்சாமான் பட்டியல் எழுதவே பயன்படுத்தினோம்.

அன்று கற்றது இதுதான்: இல்லாத ஒன்றை அட்டையில் போட்டால், இருப்பதையும் ஆட்கள் சந்தேகிப்பார்கள். கணக்கேட்டிலும் அப்படித்தான். ஒரு பதிவு பொய்யென்று தெரிந்தால் கணக்காய்வாளர் முழுப் புத்தகத்தையும் திறப்பார்.

3. எதை எழுதலாம்?

மாணவர் அட்டையில் ஐந்து விடயங்கள் போதும்.

பெயர்: தன்விபரக் கோவையில் உள்ள அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். எம்மவர் பெயர்கள் நீளமானவை. பாலசுப்பிரமணியம் என்ற ஒரு பெயரே ஆங்கிலத்தில் 15 எழுத்து வரும். நீளமென்று வெட்ட வேண்டியதில்லை. பிள்ளையை எல்லோரும் எப்படி அழைக்கிறார்களோ அந்தப் பெயரைப் பெரிதாகவும், தகப்பனார் பெயரை அடுத்தும் போடலாம். சுருக்குவதா இல்லையா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

நிலை: "இயந்திரப் பொறியியல் மாணவி" என்று துறையும் நிலையும். அதனுடன் பட்டம் எதிர்பார்க்கப்படும் மாதமும் வருடமும். வேலை கொடுப்பவர் முதலில் தேடுவது இந்தத் திகதியைத்தான்.

தொடர்பு: ஒரு தொலைபேசி இலக்கம், ஒரு மின்னஞ்சல். பட்டம் பெற்ற பின்னும் நிலைத்திருக்கும் மின்னஞ்சலாக இருக்கட்டும். பதினைந்து வயதில் விளையாட்டாகத் தொடங்கிய முகவரி வேண்டாம். வீட்டு விலாசம் தேவையில்லை. நகரத்தின் பெயர் போதும்.

திறமை: ஒரே வரி. "எல்லாம் தெரியும்" என்பதுபோல் பத்து மென்பொருட்களை அடுக்கவேண்டாம். நன்றாகக் கைவந்த இரண்டு அல்லது மூன்று போதும். போட்டதைப் பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்த வேலை: இறுதியாண்டுச் செயற்திட்டம் பற்றி ஒரு வசனம். அண்ணையின் மகள், நடக்க இயலாத முதியவர்களைக் கதிரையிலிருந்து எழுப்பிவிடும் ஒரு பொறியை நாலு பேர் கொண்ட குழுவில் செய்கிறார். "நாலு பேர் குழு, பாரந்தூக்கும் பகுதி என் பொறுப்பு" என்று எழுதச் சொன்னோம். தன் பங்கை மட்டும் சொல்பவரை அனுபவசாலிகள் மதிப்பார்கள்.

பல்கலைக்கழகச் சின்னத்தையும், பயிற்சிக்குப் போன கம்பனியின் சின்னத்தையும் அனுமதியின்றிப் போடக்கூடாது. அவை பிறருடைய உடைமை. பயிற்சியில் வரைந்த வரைபடங்களும் அப்படியே.

4. அளவும் எழுத்தும்

வட அமெரிக்காவில் வழமையான அட்டை 3.5 அங்குல நீளம், 2 அங்குல அகலம். ஐரோப்பாவில் உள்ள உறவினர் பிள்ளைகளுக்கு 85 மில்லிமீற்றர், 55 மில்லிமீற்றர்.

பின்னணி நிறம் ஓரம்வரை வருவதானால், வெட்டும்போது சிறிது விலகினாலும் வெள்ளைக்கோடு தெரியாதிருக்க, எல்லாப் பக்கமும் எட்டிலொரு அங்குலம் கூட்டி வரைய வேண்டும். அப்போது கோப்பின் அளவு 3.75 x 2.25 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் இது 1125 x 675 புள்ளிகள். அதேபோல் எழுத்துக்கள் வெட்டுக்கோட்டிலிருந்து எட்டிலொரு அங்குலமாவது உள்ளே நிற்க வேண்டும். ஆகவே எழுதக் கிடைக்கும் இடம் 3.25 x 1.75 அங்குலம் மட்டுமே. இந்தக் கணக்கைக் காட்டியதும் அண்ணையின் "பெரிய எழுத்து" ஆசை பாதி தானாகக் குறைந்தது.

பெயர் 12 முதல் 14 புள்ளி, மற்றவை 8 அல்லது 9 புள்ளி. 7 புள்ளிக்குக் கீழே போனால் எம் வயதுக்காரர் கண்ணாடியைத் தேடுவார்கள். ஒரே எழுத்துரு; மிஞ்சினால் இரண்டு. வெள்ளையில் கறுப்பு அல்லது கடுநீலம். கணினித்திரையில் ஒளிரும் நிறம் அச்சில் மங்கும் என்பதை நினைவில் வைக்கவும்.

மறுபக்கத்தில் தமிழிலும் பெயர் போட விரும்பினால் மகிழ்ச்சி. ஆனால் எம் எழுத்துக்களில் சுழியும் புள்ளியும் அதிகம். 10 புள்ளிக்குக் குறைய வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினால், அங்கு அந்த எழுத்துரு இல்லாவிடின் தமிழ்ப்பெயர் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். எழுத்துரு பதிக்கப்பட்ட பி.டி.எவ் கோப்பாக அனுப்புங்கள்.

5. கியூ.ஆர் குறியீடு

இந்தச் சதுரக் குறியீட்டை 1994 இல் யப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. பொறியியல் பிள்ளைகளின் அட்டைக்குப் பொருத்தமான பிறப்பு! பிள்ளையின் லிங்க்ட்இன் பக்கத்துக்கோ செயற்திட்டப் பக்கத்துக்கோ வழிகாட்ட இது உதவும். ஒரு பக்கம் 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும், சுற்றிவர வெற்றிடம் விட்டும் போடவேண்டும். இணைப்பு முகவரி குறுகியதாக இருந்தால் குறியீட்டின் கட்டங்களும் குறையும். தொலைபேசி இலகுவில் வாசிக்கும். சில இலவசச் சேவைகள் தங்கள் முகவரியூடாகவே இணைப்பைச் சுற்றி அனுப்பும். சந்தா முடிந்தால் குறியீடு செத்துவிடும். நேரடி இணைப்புள்ள குறியீடே நல்லது. அச்சடிக்குமுன் காகிதத்தில் எடுத்து இரண்டு வெவ்வேறு தொலைபேசிகளில் பரிசோதிக்கவும்.

6. எத்தனை, எந்தக் கடதாசி?

500 அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பட்டம் கிடைத்ததும் "மாணவி" என்ற வரி பழசாகிவிடும். 100 போதும். குப்பைக்குப் போகும் 400 மலிவு அல்ல, நட்டம். கடதாசி 14 முதல் 16 பொயின்ற் தடிப்பு இருந்தால் கையில் உறுதியாக நிற்கும். மினுக்கம் வேண்டாம், பேனை எழுதாது. சந்தித்தவர் பின்புறத்தில் ஒரு குறிப்பு எழுத இடம் விடுங்கள்.

7. கொடுத்த பின்

அட்டை கொடுப்பது வேலையின் தொடக்கம் மட்டுமே. பிள்ளைக்கு ஒரு சிறு கொப்பியில் நாலு நிரல் கீறிக் கொடுத்தோம்: யார், எங்கே, என்ன பேசினோம், எந்தத் திகதியில் மின்னஞ்சல் அனுப்பினோம். இரண்டு நாட்களுக்குள் நன்றி சொல்லி ஒரு மடல் போக வேண்டும். நாலாவது நிரல் வெறுமையாக இருந்தால் அந்த அட்டை செலவு, நிரம்பியிருந்தால் முதலீடு. எல்லோருக்கும் துண்டுப்பிரசுரம்போல் நீட்டவும் வேண்டாம். பேசிய பின், கேட்டவருக்கு, வலது கையால், முகம் பார்த்துக் கொடுக்கவும்.

இரண்டு கிழமை கழித்து அட்டை வந்தது. வெள்ளை அட்டை, கடுநீல எழுத்து, பெயருக்குக் கீழே "இயந்திரப் பொறியியல் மாணவி". அண்ணை அதை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். பின் ஒரு அட்டையைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தம்பி, அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் நாலு வருசம் பொறுக்கவேணும், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை. இடம் விட்டுத்தான் வரைஞ்சிருக்கிறம்" என்றோம்.

மகள் சிரித்தார். உறையில் எழுதிய அந்தச் சொல்லை அண்ணை எறியவில்லை, மடித்து வைத்திருக்கிறார்.

பயிற்சி: பிள்ளைகளே, 3.5 x 2 அங்குலத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி வெட்டுங்கள். மேற்சொன்ன ஐந்து விடயங்களையும் கையால் எழுதுங்கள். எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, "இது முடிந்ததா, முடியவில்லையா?" என்று கேளுங்கள். முடியாதவற்றை வெட்டிவிட்டு மிஞ்சுவதை எம்மிடம் கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் மண்டபத்தில் இருப்போம். எல்லோருக்கும் நல்ல வேலையும் நல்ல பெயரும் கிடைக்க வாழ்த்துகின்றோம்.