புது முழங்காலும் பழைய பல்லும்

நம் சங்க இதழுக்குக் கட்டுரை கேட்ட செயலாளரிடம், "எனக்குத் தெரிந்தது பல் ஒன்றுதான்" என்றேன். "அதையே எழுதும்" என்றார். ஆகவே துணிந்தேன். பல் மருத்துவம் பயிலும் நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குவதே நேர்மை.

திருநெல்வேலியிலுள்ள என் தாயாருக்குச் சென்ற ஆண்டு வலது முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். ஏழாம் வாரத்தில் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. "ஏய்யா, பல்லு டாக்டரைப் போயிப் பாக்கட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டார்கள். இந்த வடநாட்டு விடுதியில் இருந்துகொண்டு, "மூன்று மாதம் வரை பல்லைத் தொட வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். நான்காம் நாள் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது.

என் பேராசிரியரிடம் ஓடினேன். "விதியைப் பாதிதான் படித்திருக்கிறாய்" என்றார் அவர். பல்லைச் சுத்தம் செய்தல் போன்ற அவசரமற்ற வேலைகளையே அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொல்வது வழக்கம். வலியும் சீழும் அந்தக் கணக்கில் சேரா. டாக்டரின் கை வாயில் இருப்பது அரை மணி நேரம். சீழோ இரவும் பகலும் அங்கேயே இருக்கிறது. மூட்டுக்கு இவற்றில் எது பகை என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

மூட்டுக்கும் பல்லுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் வியக்கலாம். வாயிலுள்ள கிருமிகள் ஈறு வழியே குருதியில் கலக்கக்கூடும். உயிருள்ள தசை அவற்றை எதிர்த்துப் போரிடும். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்த ஆற்றல் இல்லை. அவற்றின்மேல் கிருமிகள் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து எளிதில் ஊடுருவாது. சில வேளை மூட்டையே கழற்றி மாற்ற நேரிடும். அச்சத்துக்குக் காரணம் இதுதான்.

இங்கிலாந்தில் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் 1962-இல் இக்கால இடுப்பு மூட்டு அறுவைக்கு அடிகோலிய பிறகு, இந்த அச்சமும் கூடவே வளர்ந்தது எனலாம். மூட்டு மாற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, குருதி கசியும் பல் சிகிச்சைகளுக்கு முன் எல்லாருக்கும் கிருமிக்கொல்லி மருந்து தருவதை எண்ணிப் பார்க்குமாறு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் எலும்பு மருத்துவர் கழகமும் 2003-இல் கூறின. ஆனால் மேயோ மருத்துவமனையினர், மூட்டில் கிருமி தாக்கிய 339 பேரையும் தாக்காத 339 பேரையும் ஒப்பிட்டு, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். பல் சிகிச்சையால் ஆபத்துக் கூடவுமில்லை. முன்கூட்டித் தந்த மருந்தால் அது குறையவுமில்லை. 2015-இல் அதே பல் மருத்துவச் சங்கம், பொதுவாக அம்மருந்து வேண்டியதில்லை என்று அறிவித்தது.

எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பல் துலக்கும்போதும், முறுக்கைக் கடிக்கும்போதுங்கூடக் கிருமிகள் சிறிது குருதியில் கலக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை டாக்டரிடம் போகும்போது மட்டும் மாத்திரை விழுங்கி என்ன பயன்? மூட்டைத் தாக்கும் கிருமிகளுள் பெரும்பாலானவை தோலில் வாழ்பவை. வாயில் வாழ்பவை சிறுபான்மையே. வீணாக உண்ட மருந்தோ வயிற்றைக் கெடுக்கும்; ஒவ்வாமையும் தரும்; கிருமிகளுக்கு அம்மருந்தையே பழக்கிவிடும். எனினும் முன்னரே மூட்டில் கிருமி தாக்கியவர், கட்டுக்கடங்காத நீரிழிவுடையவர், எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர் ஆகியோர் மூட்டு டாக்டரைக் கேட்டே நடக்க வேண்டும். இன்றும் டாக்டர்களிடையே இதில் வழக்கம் வேறுபடுகிறது.

மாத்திரையைப் பற்றியே பேசி, வேறொன்றை மறந்துவிடுகிறோம். அறுவைக்குப் பின் சில வாரங்கள் குருதி உறையாதிருக்க மருந்து தருவார்கள். அதைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டால் குருதி எளிதில் நிற்காது. தாமாகவே அதை நிறுத்துவதும் தகாது. காலில் குருதி கட்டிக்கொள்ளலாம். அந்நாட்களில் பல்வலிக்கென்று கடையில் ஐபுபுரோஃபன் வாங்கி விழுங்குவதும் கூடாது. மருந்துச்சீட்டைப் பல் டாக்டர் கையில் கொடுத்துவிடுவது எளிது. காலை நீட்ட ஒரு தலையணை கேட்டு வாங்கிக்கொள்வதிலும் வெட்கம் வேண்டாம். பல் டாக்டரின் நாற்காலி புது முழங்காலுக்காகச் செய்யப்பட்டதன்று.

அண்ணன் அன்றே அம்மாவை அழைத்துச் சென்றார். பல் டாக்டர் மூட்டு டாக்டரிடம் பேசிவிட்டுச் சீழை வெளியேற்றிப் பல்லையும் எடுத்தார். அப்போது தந்த மருந்து வீக்கத்துக்கும் காய்ச்சலுக்குமான சிகிச்சை, முன்காப்பு அன்று. ஆறாம் மாதத்தில் மற்றப் பற்களைச் சுத்தம் செய்துகொண்டபோது மாத்திரை எதுவும் தரவில்லை. முழங்கால் நலமாக இருக்கிறது; மாடிப்படி ஏறுகிறார்கள். பல்லைப் பற்றி மட்டும் என்னிடம் இப்போது யோசனை கேட்பதில்லை.