பாதியில் நிற்கும் வேத வாசிப்பு

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் வேதத்தை முழுவதும் வாசிக்கத் தொடங்கி, லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். எனக்கு விசுவாசம் குறைவா?

பதில்: இல்லை, சகோதரி. லேவியராகமத்தில் நிற்பவர்கள் சபைக்குப் பாதிப் பேராவது இருப்பார்கள், வெளியே சொல்வதில்லை!

பாதியில் நின்ற இன்னொருவரைச் சொல்கிறேன். 1706-ல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். டேனிஷ் ஆளுநரே அவரைச் சில மாதங்கள் சிறையில் அடைத்தார். வெளியே வந்ததும் மீண்டும் வேதத்தைத் தமிழாக்கும் வேலைதான். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்திருந்தபோது, 1719-ல் இறந்துபோனார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே. ஆக, சீகன்பால்குவின் வேலையும் பாதியில்தான் நின்றது. அதை யாராவது விடாமுயற்சிக் குறைவு என்பார்களா? பிலிப்பியருக்கு எழுதிய பவுலும் தான் இன்னும் இலக்கை அடையவில்லை என்றே ஒப்புக்கொள்கிறார்; அதுவும் காவலில் இருந்துகொண்டு.

உங்கள் சிக்கல் விசுவாசம் அல்ல, திட்டத்தின் அளவு என்று நினைக்கிறேன். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று போதும். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டாக வாசித்து ஈடுகட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். லேவியராகமம் எங்கும் போய்விடாது.