செயலி சொன்னால் சரியா?

"தினமும் செயலியில் பதிகிறேன், 1,400 கலோரிதான் வருகிறது. கம்ப்யூட்டர் கணக்கு தப்புமா?" எடை குறையவில்லை என்று என்னிடம் வருகிற பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கூட்டல் தப்பாது. கூட்டுவதற்கு நீங்கள் கொடுக்கும் எண்தான் தப்பு. காபியோடு போன முறுக்கும் பிள்ளை மிச்சம் வைத்த தோசையும் நினைவுக்கு வராவிட்டால் எந்தச் செயலி அவற்றைச் சேர்க்கும்?

இது ஊகமில்லை. செயலியைப் போலவே, உண்டதை நாமே சொல்லி நிரப்பும் உணவுக் கேள்விப்படிவங்களைச் சோதிக்க எங்கள் ஊட்டச்சத்துத் துறையில் ஒரு நீர் உண்டு. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த அந்த நீரைக் குடிக்கவைத்து, அவை உடலிலிருந்து வெளியேறும் வேகத்தைச் சிறுநீர் மாதிரிகளைக் கொண்டு ஏறக்குறைய இரண்டு வாரம் அளப்பார்கள். உடல் எரித்த கலோரி அதில் தெரிந்துவிடும். எடை மாறாமல் இருப்பவர் எரித்ததும் உண்டதும் ஏறக்குறைய ஒன்றே. நினைவாற்றலுக்கு இங்கே வேலையே இல்லை.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 50 முதல் 74 வயது வரையிலானவர்களிடம் இப்படிச் சோதித்தது. 2018இல் முடிவு வெளியானது. முந்தைய நாள் உணவை இணையத்தில் தாங்களே பதியும் ஏஎஸ்ஏ24 முறையைப் பலமுறை நிரப்பிய பிறகும் சராசரியாக 15 முதல் 17 சதவீதக் கலோரி விடுபட்டது. "இந்த உணவை வாரத்தில் எத்தனை முறை சாப்பிடுவீர்கள்" என்று கேட்கும் இணையப் படிவத்திலோ 29 முதல் 34 சதவீதம்! இரண்டும் டிஜிட்டல்தான். உடல் பருமன் உள்ளவர்களிடம் குறைத்துச் சொல்வது இன்னும் அதிகம். இதற்குப் பிறகும் 'கம்ப்யூட்டர் தப்பாது' என்பவர்களிடம் என்ன சொல்ல?

அப்படியானால் குறைத்துச் சொல்பவர்கள் பொய்யர்களா? அதுவும் தவறு. டயட் இருந்தும் இளைக்கவில்லை என்றவர்களை 1992இல் நியூயார்க்கில் ஆராய்ந்தபோது, உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். சொன்னதை மனதார நம்பியும் இருந்தார்கள்.

'இன்னொரு படிவத்தோடு ஒத்துப்போகிறது, அதனால் இது துல்லியம்' என்பது அடுத்த பேச்சு. இரண்டையும் நிரப்பியது ஒரே ஞாபகம். இரண்டும் ஒரே பக்கம் சாயும். 'போட்டோ எடுத்தால் போதும்' என்பார்கள். குழம்புக்குள் இருக்கும் எண்ணெய் போட்டோவில் தெரியாது.

இந்தப் படிவங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆயிரம் பேரின் உணவுப் பழக்கத்தை ஒப்பிட அவை உதவும். ஒரு தனி ஆளின் கலோரிக்குச் சான்றிதழ் தர உதவாது.

நம் ஊருக்கு வேறொரு குறையும் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன. பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். வீட்டுக்கு வீடு மாறும் காரக்குழம்பையும் பொரியலையும் சமைத்த நிலையில் அளந்து பட்டியலிட அரசு பணம் ஒதுக்க வேண்டும். பத்து புதுச் செயலிகளைவிட அது அவசரம்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். மாதம் வாங்கும் எண்ணெயை ஆளுக்கு வகுத்துப் பாருங்கள். நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் ஒருவருக்கு நாளுக்கு 40 மில்லிக்கு மேல். செயலியில் நீங்கள் பதிந்த எண்ணெய் எவ்வளவு என்று அதன் பக்கத்தில் எழுதிவைத்து, என்னைப் பார்க்க வரும்போது எடுத்து வாருங்கள்.