மின்வாகனத் துறையில் வேலையா? உலோகம் வந்த ஊரைக் கேளுங்கள்

ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட். இந்த ஆலைகளோடு இவற்றுக்கு உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்களும் பெருகி வருகின்றன. அங்கே பர்ச்சேஸ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் பிரிவுகளில் இருப்பவர்களின் மேசைக்கு ஒரு புதிய கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. பேட்டரியில் உள்ள உலோகத்தைத் தோண்டியவர் யார், எந்த நிலையில் தோண்டினார்?

இதைக் கூடுதல் காகித வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. இதற்கு ஒழுங்காகப் பதில் தேடத் தெரிந்தவர்களுக்கு இனி நல்ல வேலைகளும் இருக்கின்றன.

1. ஊர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேட்டரி உலோகங்களில் ஒன்றான கோபால்ட்டை எடுத்துக்கொள்வோம். உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிடைக்கிறது. அந்தச் சுரங்கத் தொழிலின் மையம் கோல்வேசி நகரம். பெரிய இயந்திரச் சுரங்கங்களைச் சுற்றி, கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கையால் தோண்டுபவர்களின் குழிகளும் இருக்கின்றன. பல குழிகளுக்கு முட்டுக்கட்டை கிடையாது. மண் சரிந்தால் உள்ளே இருப்பவர் கதி அவ்வளவுதான். தெற்குக் காங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 சிறுவர்கள் வேலை செய்வதாக 2014-ல் யுனிசெஃப் மதிப்பிட்டது. 2016-ல் அம்னஸ்டி அமைப்பின் அறிக்கை இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

தோண்டிய கல்லைக் கழுவி, மூட்டை கட்டி, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சாலையோரக் கொள்முதல் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். கடைக்காரர் ஒரு கைக்கருவியைக் கல்மீது வைத்து உலோக அளவைப் பார்க்கிறார். கருவியும் அவருடையது, தராசும் அவருடையது, விலையும் அவர் சொன்னதுதான். பிறகு எல்லா மூட்டைகளும் ஒரே குவியலில் கொட்டப்படுகின்றன. பெரியவர் தோண்டியது எது, சிறுவன் பொறுக்கியது எது என்று அதன்பின் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தடம் அறுந்துபோகும் முக்கிய இடம் இந்தக் குவியல்தான்.

மற்ற பொருட்களுக்கும் ஊர் உண்டு. நிக்கலுக்கு இந்தோனேசியா: அங்கே மொரோவாலி தொழிற்பூங்காவில் 2023 டிசம்பரில் ஒரு நிக்கல் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். லித்தியத்துக்குச் சிலியின் அட்டகாமா: பாலைவனத்தில் உப்புநீரை உறிஞ்சி வெயிலில் ஆவியாக்குகிறார்கள், பழங்குடி மக்கள் தங்கள் நீராதாரத்துக்காகக் குரல் கொடுக்கிறார்கள்.

'எங்களுடையது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை' என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். லித்தியமும் கிராஃபைட்டும் அதிலும் உண்டு. தீ பரவாமல் தடுக்கப் பல பேட்டரிகளில் மைக்கா தகடும் வைக்கிறார்கள். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளில் குழந்தைகள் மைக்கா பொறுக்குவது பலமுறை ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. இது நம் நாட்டுக்குள்ளேயே நடப்பது.

2. தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2027 பிப்ரவரி 18 முதல், அங்கே விற்கும் மின்வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரிக்கும் இது உண்டு. கோபால்ட், லித்தியம், நிக்கல், இயற்கை கிராஃபைட் எங்கிருந்து வருகின்றன என்று ஆராயும் கடமை 2027 ஆகஸ்டில் தொடங்குகிறது. இந்தியாவில், சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பொறுப்புடைமை அறிக்கையைக் கட்டாயம் தரவேண்டும். பெரிய நிறுவனத்திடம் கேட்கப்படும் கேள்வி அதன் சப்ளையரான உங்களிடமும் வரும்.

3. துல்லியமாகக் கேளுங்கள்

'உங்கள் பொருள் நேர்மையானதா?' என்று கேட்டால் 'ஆம்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்த உலோகத்தைச் சுத்திகரித்த ஆலையின் பெயர் என்ன, எந்த நாட்டில் இருக்கிறது, கடைசி ஆடிட் எப்போது நடந்தது? சுரங்கங்கள் ஏராளம், சுத்திகரிப்பு ஆலைகள் குறைவு. கோபால்ட்டைப் பொறுத்தவரை பெரும்பாலானவை சீனாவில் உள்ளன. அந்த இடத்தைப் பிடித்தால் பின்னோக்கி நடக்கலாம்.

ரெஸ்பான்சிபிள் மினரல்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு இதற்கென எக்செல் படிவங்களை வெளியிடுகிறது. கோபால்ட்டுக்கும் மைக்காவுக்கும் படிவம் உண்டு. நிரப்பிய படிவம் வந்ததும் ஆலைப் பட்டியல் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருந்தாலோ, ஆலைக்குப் பதில் வியாபாரியின் பெயர் இருந்தாலோ, போன வருடப் படிவம் தேதி மட்டும் மாறி வந்திருந்தாலோ திருப்பி அனுப்புங்கள். 'தெரியவில்லை, விசாரிக்கிறோம்' என்று எழுதும் சப்ளையரை மதியுங்கள். அவரோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

4. கோளாறு தெரிந்தால் எழுத்தில் வையுங்கள்

வாய்மொழியாகச் சொன்னது மறைந்துவிடும். என்ன தெரிந்தது, எந்த லாட், என்ன செய்யலாம் என்று மேலதிகாரிக்கு அன்றே மெயில் அனுப்புங்கள். கொத்தடிமை முறை, அபாயகரமான குழந்தை உழைப்பு போன்ற கொடுமைகள் தெரிந்தால் கொள்முதலை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஆனால் அத்தோடு கைகழுவிவிடக் கூடாது. நாம் ஒதுங்கிக்கொண்டால் அந்தச் சிறுவன் அடுத்த குழிக்குப் போவான். திருத்தம், அதற்குக் கெடு, சரிபார்க்க ஆள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பர்ச்சேஸ்காரர்கள் மனதில் வைக்க வேண்டியது இன்னொன்று. விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு உறுதிமொழிக் கடிதம் கேட்பது நியாயமல்ல. முட்டுக்கட்டைக்கும் முகமூடிக்கும் ஆகும் செலவு நாம் தரும் விலைக்குள் இருக்க வேண்டும்.

5. கழிவையும் கவனியுங்கள்

2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. ரிஜெக்ட் ஆன செல்களைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். அங்கே அவற்றைச் சுத்தியலால் உடைப்பவருக்குத் தீயும் நச்சுப்புகையும்தான் மிஞ்சும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, சான்றை ஃபைலில் வையுங்கள்.

6. உங்களை வளர்த்துக்கொள்ளுங்கள்

ஓ.இ.சி.டி. அமைப்பின் கனிமக் கொள்முதல் வழிகாட்டி இணையத்தில் இலவசம். நிர்வாக முறை, அபாயத்தைக் கண்டறிதல், அதற்கான நடவடிக்கை, வெளியார் ஆடிட், ஆண்டு அறிக்கை என்ற அதன் ஐந்து படிகளை மனதில் பதியவையுங்கள். நேர்முகத் தேர்விலும் கைகொடுக்கும். உலோகவியல், வேதியியல், சட்டம், சமூகப்பணி என எதைப் படித்தவருக்கும் இங்கே இடம் உண்டு.

இந்த வாரமே தொடங்கலாம். உங்கள் பேட்டரி சப்ளையர்களில் அதிகம் வாங்கும் மூவரைத் தேர்ந்தெடுங்கள். சுத்திகரிப்பு ஆலையின் பெயரைக் கேட்டு மெயில் அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். பணம் கொடுத்து வாங்குபவர் கேட்டால்தான் இந்தச் சங்கிலியில் எதுவும் மாறும். உங்கள் நிறுவனத்தில் அந்த வாங்குபவர் நீங்கள்தான்.